கறுப்புப் பியானோவில் மூலை உடைந்தால்: பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்

கேள்வியின் சுருக்கம் இதுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய யமஹா யூ3 (சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோ), பளபளக்கும் கறுப்பு. வீடு மாற்றும்போது லிஃப்ட் கதவில் இடித்து, கீபோர்டின் வலப்பக்கம் முன்னால் நீண்டிருக்கும் கையின் முனையில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து மரம் தெரிகிறது. மேல்மூடியில் ஏதோ விழுந்து அரிசி அளவில் ஒரு சில்லு போயிருக்கிறது. அதன் அடியில் இன்னும் கறுப்புதான். கீபோர்டு மூடி முழுக்க மெல்லிய கீறல்கள், விளக்கு வெளிச்சத்தில் வட்ட வட்டமாகத் தெரிகின்றன. வந்து பார்த்த தச்சர், "பட்டி பார்த்து மொத்தமா கறுப்பு பி.யு. (பாலியூரித்தேன் பெயின்ட்) அடிச்சிடலாம், புதுசு மாதிரி ஆயிடும்" என்கிறார். அடிக்கலாமா?

வேண்டாம். தச்சரைக் குறை சொல்லவில்லை. அலமாரிக்கும் கதவுக்கும் அவர் சொல்வது சரியான வழிதான். உங்கள் பியானோ மேல் இருப்பது வேறு சரக்கு. உடைந்த இடத்தை அதே இனத்துச் சரக்கால் நிரப்பி, மட்டமாக்கி, தேய்த்தால் போதும். மேலே எதையும் அடிக்கத் தேவையில்லை. இந்தப் பளபளப்பு பூசி வந்ததல்ல, தேய்த்து வந்தது. தொழிற்சாலையிலேயே அப்படித்தான் வந்தது.

அது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் ரிப்பேர் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டுப் பியானோக்களில் இருந்தது பிரெஞ்சு பாலிஷ்: அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. 1920களில் நைட்ரோசெல்லுலோஸ் (என்.சி.) லாக்கர் வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பாவிலும், அப்புறம் ஜப்பானிலும் பாலியெஸ்டர் ரெசின் என்ற செயற்கைப் பிசின் அந்த இடத்தைப் பிடித்தது. நியூயார்க் ஸ்டெயின்வேக்கள் நெடுங்காலம் லாக்கரிலேயே, அதிகம் மின்னாத சாட்டின் பூச்சோடு வந்துகொண்டிருந்தன. ஹாம்பர்க் ஸ்டெயின்வே, யமஹா, காவாய் என்று முகம் பார்க்கிற அளவுக்கு மின்னும் கறுப்புப் பியானோக்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான்.

லாக்கரில் திண்ணர் ஆவியாகிப் போக, மிச்சம் படலமாகக் காய்கிறது. பாலியெஸ்டர் காய்வதில்லை, இறுகுகிறது. ரெசின், ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்திருக்கும். பெராக்சைடு கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் சேர்த்ததும் ஸ்டைரீனும் ரெசினும் ஒன்றோடொன்று பிணைந்து திடமாகிவிடுகின்றன. உள்ளதில் பெரும்பகுதி அப்படியே தங்கிவிடுவதால் தடிமனாக ஏற்ற முடிகிறது. லாக்கர் பூச்சு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு ஏ4 தாளின் கனம். பியானோ பாலியெஸ்டர் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும்; ஐந்து முதல் பத்துத் தாள். அந்தக் கனம்தான் உங்களுக்கு இப்போது கைகொடுக்கப்போகிறது. கீறலைத் தேய்த்து எடுக்க அங்கே சரக்கு இருக்கிறது.

இந்த ரெசினுக்கு ஒரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். அதற்காகத் தொழிற்சாலை ரெசினில் கொஞ்சம் பாரஃபின் மெழுகு கலக்கிறார்கள். இறுகும்போது மெழுகு மேலே வந்து காற்றை அடைத்துவிடுகிறது. ஆகவே பூச்சு முடிந்து வெளியே வரும் பலகை மங்கலாக, மெழுகு படிந்து, பார்க்கச் சகிக்காமல் இருக்கும். அதை உப்புத்தாளில் மட்டமாகத் தேய்த்து, பெரிய துணிச் சக்கரத்தில் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசை போட்டு பஃப் செய்த பிறகுதான் கண்ணாடியாகிறது. தச்சர் அடிக்கும் பி.யு. ஸ்பிரே துப்பாக்கியிலிருந்து விழுந்தபடியே மின்ன வேண்டும். அதில் ஆரஞ்சுத்தோல் மேடுபள்ளம் நிற்கும், தூசி ஒட்டும். கீல், பூட்டு, லோகோ எல்லாவற்றையும் ஒட்டி விளிம்பு கட்டும். முப்பது வருஷம் மெழுகும் சிலிக்கோனும் ஊறிய பரப்பில் பிடிக்குமா என்பதும் அதிர்ஷ்டம்தான். எனக்குத் தெரிந்து, பெயின்ட் அடித்த யமஹாவை வாங்க வருகிறவர் ரெண்டு தடவை யோசிப்பார். சின்ன அடிபட்ட யமஹாவை அப்படி யோசிக்க மாட்டார்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சோதனை. கறுப்பாக மின்னுவதெல்லாம் பாலியெஸ்டர் அல்ல. கீழ்ப்பலகையின் உள்பக்கம் மாதிரி கண்ணில் படாத இடத்தில், காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து அரை நிமிஷம் அழுத்துங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. திண்ணருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாமல் இருந்தால் பாலியெஸ்டர், அல்லது அதே மாதிரி இறுகிய ஏதோ ஒன்று. உங்கள் யூ3 மின்னும் கறுப்பு என்பதால் பதில் எனக்கு ஏறக்குறையத் தெரியும், ஆனாலும் செய்யுங்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது வீட்டில் பாட்டி காலத்து இங்கிலீஷ் அப்ரைட் இருந்தால், அதன் மேல் கீழே சொல்லும் எதையும் செய்யவே கூடாது. அது பெரும்பாலும் அரக்கு, அதற்கு வேறு வைத்தியம், வேறு ஆள்.

உங்கள் மூன்று காயங்களில் கீபோர்டு மூடிதான் லேசு. ஈரமில்லாத துணியால் தூசியைத் தேய்த்துத் தேய்த்து வந்த கீறல்கள் அவை. தூசியில் இருக்கும் மணல் பாலியெஸ்டரைவிடக் கெட்டி. விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் தட்டவில்லையென்றால் உப்புத்தாளே வேண்டாம். கார் டீடெயிலிங் கடைகளில் விற்கும், சிலிக்கோன் இல்லாத ஃபைன் காம்பவுண்டும் ஸ்பாஞ்ச் பேடும் போதும். வேகம் மாற்றக்கூடிய பாலிஷர் இருந்தால் 1,000 முதல் 1,500 சுற்றில் ஓட்டுங்கள். கையாலும் செய்யலாம், நேரம் பிடிக்கும் அவ்வளவுதான். நகம் லேசாகத் தட்டினால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் ஆரம்பிக்க வேண்டும், அதுவும் அந்தக் கீறல் இருக்கும் இடத்தில் மட்டும். நடுவில் இருக்கும் லோகோ மேல் தாளோ பஃப்போ படக்கூடாது. மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். பித்தளை பதித்த எழுத்தானால் பிழைக்கும், ஒட்டிய எழுத்தானால் போயே போச்சு.

ஒரு எச்சரிக்கை. தச்சர்கள் கையில் எப்போதும் இருக்கும் 4 இஞ்ச் கிரைண்டரில் பஃப் மாட்டி ஓட்ட யாரையும் விடாதீர்கள். அது நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று. பாலியெஸ்டர் சூட்டில் உருகாது. ஆனால் மென்மையாகி, புடைத்து, அந்தப் புடைப்பை பஃப் வழித்துவிடும். ஆறினபின் அந்த இடம் உள்வாங்கி அலை அலையாகத் தெரியும். பஃப் ஓட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாத சூடென்றால் வேறு பக்கம் போய்விட்டு அப்புறம் வாருங்கள். விளிம்புகளில் இன்னும் கவனம். தட்டையான பலகையில் ஒரு மில்லிமீட்டர் இருக்கும் பூச்சு, விளிம்பைத் தேய்த்து உருட்டிய இடத்தில் மெலிந்திருக்கும். அங்கே ஒரு இழுப்பில் மரம் தெரிந்துவிடும். சக்கரம் எப்போதும் விளிம்பை விட்டு வெளியே ஓடும் திசையில் இருக்கட்டும், விளிம்பை எதிர்த்து ஏறக்கூடாது.

அடுத்து மேல்மூடிச் சில்லு. அடியில் இன்னும் கறுப்பு தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்ல சேதி. கறுப்பு பாலியெஸ்டரில் நிறம் ரெசினுக்குள்ளேயே கலந்திருக்கிறது. சில்லின் ஓரம் வெள்ளையாகத் தெரிவது நிறம் போனதால் அல்ல, உடைந்த முகங்களில் வெளிச்சம் சிதறுவதால். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், வெள்ளை மறைந்துவிடும். தண்ணீர் செய்யும் அதே வேலையை இறுகும் பசை ஒன்று நிரந்தரமாகச் செய்யும். ஆகவே இந்தச் சில்லுக்கு ரெசினே வேண்டாம். சயனோஅக்ரிலேட், நம் ஊர்ப் பேச்சில் ஃபெவிக்விக் வகை, போதும். கொஞ்சம் கெட்டியான ரகம் கிடைத்தால் நல்லது. ஊசிமுனையால் குமிழி இல்லாமல் வைத்து, இறுகவிட்டு, மறுபடி வைத்து, பரப்பைவிடத் துளி மேடாக நிற்கும்வரை ஏற்றுங்கள். சீக்கிரம் இறுக வைக்கும் ஸ்பிரே அடிக்காதீர்கள், நுரைத்து வெளுத்துவிடும். மட்டமாக்குவது மூலைக்குச் சொல்லும் முறையிலேயேதான்.

இப்போது மூலை. இதுதான் வேலை.

முதலில் உடைந்த இடத்தைச் சுற்றி நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாக ஒட்டியிருக்கும் பூச்சு "டக்" என்று கேட்கும். மரத்தை விட்டு எழும்பிய பூச்சு பொக்கென்று கேட்கும். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் வெளிறிய ஒரு நிழலும் தெரியும். அந்தப் பகுதி முழுவதையும் கூரான உளியால் எடுத்துவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும். நகம் அளவு காயம் எட்டணா அளவாகும், பரவாயில்லை. பொக்கு மேல் நிரப்பினால் நீங்கள் நிரப்பியது பத்திரமாக இருக்கும், அதன் பக்கத்தில் இருப்பது அடுத்த கோடையில் உதிரும். மிச்சமிருக்கும் ஓரத்தைக் கத்தியால் சாய்வாகச் சீவி, 180 நம்பர் தாளால் மரத்தையும் ஓரத்தையும் சொரசொரப்பாக்குங்கள். பிறகு சுற்றுப்புறம் எல்லாம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் நன்றாகத் துடைக்க வேண்டும். முன்னால் யாரோ சிலிக்கோன் பாலிஷ் போட்டிருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கோன் இருக்கும் இடத்தில் ரெசின் ஒட்டாமல் கண் கண்ணாக விலகும்.

மரமே மூளியாகியிருந்தால் அதை முதலில் கட்ட வேண்டும். எம்-சீல் மாதிரி எபாக்ஸியை வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது, முழுதாக இறுகாத எபாக்ஸியில் இருக்கும் அமீன் ரெசினை இறுகவிடாமலும் தடுக்கும். டிங்கரிங் ஷெட்டில் காருக்குப் போடும் ரெண்டு பாகப் பட்டி இருக்கிறதே, அது பாலியெஸ்டர் இனம். அதில் மூலையின் உருவத்தைக் கட்டி, கறுப்புக்கு ஒன்றரை மில்லிமீட்டர் இடம் விட்டு நிறுத்துங்கள். இந்த ஒரு கட்டத்தை உங்கள் தச்சரிடமே தாராளமாகக் கொடுக்கலாம். மூலை பிடிப்பதில் அவர் கை நம் கையைவிடத் தேர்ந்ததாக இருக்கும்.

ரெசினுக்கு வருவோம். பியானோ ரிப்பேருக்கென்றே செய்த கறுப்புப் பாலியெஸ்டர் வெளிநாட்டில் கிடைக்கிறது. ஆள் இருந்தால் தருவித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஃபைபர் கிளாஸ் சாமான் விற்கும் கடையில் கறுப்பு ஜெல்கோட் கேளுங்கள். படகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போடும் அதே சரக்குதான். பாலியெஸ்டரே என்பதால் பழைய பூச்சோடு சேரும், கெட்டியாக இருப்பதால் மூலையில் வழியாது. சாதா ரெசினில் நீங்களே கறுப்புப் பேஸ்ட் கலக்கலாம்தான். ஆனால் கார்பன் கறுப்பு அதிகமானால் ரெசின் இறுகுவதே தாமதமாகும். எவ்வளவு போடுவது என்பது அனுபவத்தில் வருவது.

கடையில் ஆக்ஸிலரேட்டர் (ரெசினைச் சீக்கிரம் இறுக வைப்பது) ஏற்கெனவே கலந்ததா என்று கேட்டு, கலந்ததையே வாங்குங்கள். தனியாகக் கொடுத்தால் ஒரு விஷயத்தைத் தாளில் எழுதிப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள்: கோபால்ட் ஆக்ஸிலரேட்டரும் பெராக்சைடு கேட்டலிஸ்ட்டும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கியபின்தான் அடுத்தது. கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். ஸ்டைரீன் ஆவி தீப்பற்றக்கூடியது. பூஜை அறை விளக்கும் அடுப்பும் எந்தப் பக்கம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தெர்மகோல் கப்பில் கலக்காதீர்கள், ஸ்டைரீன் அதைக் கரைத்து மேஜைக்கு வந்துவிடும். காகிதக் கப் போதும்.

அளவு: 10 கிராம் ரெசினுக்கு 0.15 மில்லிலிட்டர் கேட்டலிஸ்ட். மருந்துக் கடையில் ஒரு மில்லி சிரிஞ்ச் வாங்கினால் இதைச் சரியாக அளக்கலாம். சொட்டுக் கணக்கு வேண்டாம். 25 டிகிரியில் இருபது நிமிஷம் தாங்கும் கலவை, 35 டிகிரி வெயிலில் பாதி நேரத்தில் கெட்டியாகிவிடும். காலை வேளையில் செய்யுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கேட்டலிஸ்ட்டைக் கூட்டாதீர்கள். சூடேறி விரிசல் விடும். மழைக்காலத்தில், ஈரம் ஏறிய மரத்தின் மேல், செய்யவே வேண்டாம். அடைமழையில் கேட்கிறீர்கள் என்றால் தை வரை பொறுத்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

மூலைக்கு ஒரு அச்சு வேண்டும். ஓ.எச்.பி. ஷீட் என்று ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் தெளிவான பிளாஸ்டிக் தாள் இதற்கு அருமையானது. ரெசின் அதில் ஒட்டாது. ரெண்டு துண்டு வெட்டி, மூலையின் இரண்டு முகத்துக்கும் ஒவ்வொன்றாக வைத்து, வெளிப்பக்கம் மாஸ்கிங் டேப்பால் இறுக்கினால் ஒரு சின்னத் தொட்டி கிடைக்கும். கலவையைக் குச்சியால் மரத்தில் முதலில் நன்றாகத் தடவி, பிறகு நிரப்புங்கள். அரை மில்லிமீட்டராவது மேடாக நிற்க வேண்டும். மேலே இன்னொரு துண்டு ஷீட்டை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து இறக்கினால் குமிழி வெளியேறும், காற்றும் படாது. தொழிற்சாலையில் மெழுகு செய்யும் வேலையை இங்கே இந்த ஷீட் செய்கிறது. சின்னதாக ஒரு பள்ளம் விட்டுப்போனால் பதற வேண்டாம். பாலியெஸ்டர் இறுகும்போது கன அளவில் ஏழெட்டு சதவீதம் சுருங்கும். முதல் தடவையிலேயே சரியாக அமைவதுதான் அபூர்வம். மறுநாள் சொரசொரப்பாக்கி இரண்டாவது தடவை நிரப்பலாம்.

ஒரு நாள் கழித்து மேட்டை எடுக்க வேண்டும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் நேராக உப்புத்தாளை எடுத்து, மேட்டையும் தேய்த்து, சுற்றியிருக்கும் நல்ல பூச்சையும் தேய்த்து, ஒரு பள்ளத்தாக்கை உண்டாக்குகிறார்கள். அதற்குப் பதில் ஒரு புது சவர பிளேடு எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கூரான, முதுகு வைத்த ரகம் கிடைத்தால் நல்லது. அதன் கூர்ப்பக்கத்தின் இரண்டு கோடியிலும் ஒரு சுற்று மெல்லிய செல்லோடேப் ஒட்டுங்கள். நடுவில் மேட்டின் அகலத்துக்கு மட்டும் கூர் தெரியட்டும். பிளேடை ஏறக்குறைய நிமிர்த்தி, லேசாக வளைத்து, உங்களை நோக்கி இழுங்கள். டேப் நல்ல பூச்சின் மேல் சறுக்கும், நடுக்கூர் மேட்டை மட்டும் சீவும். கறுப்பாகச் சுருள் சுருளாக வரும். வரவர மெலிந்து தூளாகிவிடும். டேப்பின் கனம் அளவுக்கு மேடு மிஞ்சியதும் பிளேடு தானாகவே சீவுவதை நிறுத்திவிடும். அங்கே நீங்களும் நிறுத்தி, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். இந்த ஒரு வாரத்தைத்தான் யாரும் கேட்பதில்லை. ரெசின் மேலே கெட்டியானபின்னும் உள்ளே சுருங்கிக்கொண்டிருக்கும். மறுநாளே பளபளப்பாக்கினால் அடுத்த மாதம் அந்த இடம் மெல்லிய குழியாகத் தெரியும், மறுபடி முதலிலிருந்து.

பிறகு உப்புத்தாள். விரலில் மடித்துத் தேய்க்கக் கூடாது; விரல் அழுத்தும் இடமெல்லாம் வாய்க்கால் விழும். தட்டையான அக்ரிலிக் துண்டிலோ எபொனைட் துண்டிலோ தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். 800, 1000, 1500, 2000 என்று போங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தின தாளின் கோடு மிச்சமிருக்கிறதா என்று தெரியும். 800இன் கோடு ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் 2000 அதை எடுக்காது, கடைசியில் பஃப் போட்டபின் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். தாளில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மட்டமான தாளில் நடுவே ஒரு பெரிய மணல் கலந்திருந்தால் அரை மணி நேர வேலை போச்சு. சோப்புத் தண்ணீர் சில துளி போதும். மரம் தெரியும் ஓரம் எங்காவது இருந்தால் அங்கே தண்ணீர் போனால் ஊறிப் புடைக்கும்.

2000 முடிந்ததும் அந்த இடம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். பயப்படாதீர்கள். அந்தத் தாளின் மணல் சுமார் 10 மைக்ரான்; கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான். கீறல்கள் அந்த அளவுக்குக் கீழே இறங்கும்வரை பரப்பு வெளிச்சத்தைச் சிதறடித்துக்கொண்டேதான் இருக்கும். அதை இறக்குவதுதான் காம்பவுண்டின் வேலை. முதலில் சற்று முரடான காம்பவுண்ட், பேடை மாற்றி ஃபைன் காம்பவுண்ட். ஒரே பேடில் இரண்டையும் போடாதீர்கள். கறுப்பு மெல்ல மெல்லத் திரும்பி வருவதைப் பார்ப்பது இந்த வேலையின் ஒரே சுகம்.

சரியாக வந்ததா என்று பார்க்க, நேராக நின்று பரப்பைப் பார்க்காதீர்கள். சுவரில் இருக்கும் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பூச்சில் பிடியுங்கள். தலையை மெதுவாக நகர்த்தி, பிம்பத்தின் நேர்கோட்டை ஒட்டுப்போட்ட இடத்தின் மேல் ஓட்டுங்கள். கோடு நேராகவே கடந்தால் மட்டம். உள்ளே வளைந்தால் பள்ளம், வெளியே புடைத்தால் மேடு. பளபளப்பு குறைவாக இருந்தால்கூட யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்தக் கோடு நெளிந்தால் ஹாலுக்குள் நுழையும் எவர் கண்ணிலும் படும். நெளிவு இருந்தால் பஃப்பால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மறுபடி 1000க்குத்தான் போக வேண்டும்.

இதையெல்லாம் நேராகப் பியானோவில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு துண்டு பிளைவுட் மேல் ஜெல்கோட்டை ஊற்றி, ஷீட் மூடி, இறுகவைத்து, தேய்த்துக் கண்ணாடியாக்குங்கள். பிறகு அதன் மூலையைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி உடைத்து, ரிப்பேர் செய்யுங்கள். அந்தத் துண்டில் டியூப்லைட் நேராகத் தெரிந்தால் பியானோவைத் தொடுங்கள். வேலை செய்யும்போது கீபோர்டையும் உள்பக்கத்தையும் பிளாஸ்டிக் விரித்து டேப் போட்டு அடைத்துவிடுங்கள். பஃப் தூசி விசைகளுக்கு நடுவில் போனால் அப்புறம் டியூனரைக் கூப்பிட வேண்டியிருக்கும். கீபோர்டு மூடி, முன்பலகைகள் எல்லாம் கழற்றக்கூடியவை, கழற்றி மேஜையில் வைத்தே செய்யலாம். உங்கள் மூலை கழறாது. அதற்காகப் பியானோவைச் சாய்க்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். 200 கிலோவுக்கு மேல் இருக்கும், பாரமெல்லாம் பின்பக்கம்.

கறுப்பு என்பதால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். இதே அடி மஹாகனி நிறப் பியானோவில் பட்டிருந்தால், அங்கே மெல்லிய மரத்தாள் மேல் தெளிவான பாலியெஸ்டர். மரத்தாளே கிழிந்திருந்தால் ரேகையை வரைய வேண்டும், அது ஓவியர் வேலை. வெள்ளைப் பியானோ வருஷம் ஆக ஆக மஞ்சளாகும். புது வெள்ளை ஒட்டுத் தனியாகத் தெரியும். அந்த இரண்டுக்கும் அனுபவப்பட்ட ஆளைத் தேடுங்கள். அதேபோல, பலகைகள் சேரும் இடத்தில் நீளமாக ஓடும் விரிசல் இருந்தால் அது அடிபட்டதல்ல, மரம் ஈரத்துக்கு விரிந்து சுருங்குவதால் வருவது. ஏ.சி. பாதி நாள் ஓடி பாதி நாள் நிற்கும் அறையில் அதை எத்தனை தடவை நிரப்பினாலும் திரும்ப வரும். அறையின் ஈரப்பதத்தை முதலில் நிலைப்படுத்த வேண்டும்.

கடைசியாக, விற்றவர் கூடவே கொடுத்த "பியானோ பாலிஷ்" பாட்டிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லேபிளில் சிலிக்கோன் இருந்தால், அல்லது என்ன இருக்கிறது என்றே போடவில்லை என்றால், உபயோகிக்காதீர்கள். பூச்சுக்கு உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் அது காற்றில் பறந்து உள்ளே டியூனிங் ஆணிகள் இறுகப் பிடித்திருக்கும் பலகைக்குள் போனால் ஆணிகள் வழுக்க ஆரம்பிக்கும், சுருதி நிற்காது. அடுத்த தடவை ஒரு ரிப்பேர் செய்யும்போதும் அதுவே எதிரி. மெத்தென்ற மைக்ரோஃபைபர் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து தூசியை எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். சுவர்ப்பக்கம் இருக்கும் கீறல்களைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவற்றை அப்படியே விடுங்கள்.